தீதியின் தொட்டியைக் கொட்டிய கதை

போகி வந்தால் எனக்குச் சாமி வந்த மாதிரிதான். பாலிகஞ்சில் மூன்றாவது மாடியில் குடியிருந்தால் என்ன, விடிவதற்குள் உடைந்தது, கிழிந்தது, காய்ந்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. எரிக்கத்தான் வழியில்லை, தூக்கிப் போட வழியிருக்கிறதே. அந்த வேகத்தில்தான் தீதியின் தொட்டியையும் கொட்டிவிட்டேன்.

தீதி, அதாவது அக்கா, என்று நான் கூப்பிட்டது எதிர் ஃப்ளாட் வங்காளிப் பெண்மணியை. என் வீட்டுக்காரருக்கு மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த பிறகு, நான் உரிமையோடு கதவைத் தட்டக்கூடிய ஒரே வீடு அவருடையது. நாங்கள் பேசிக்கொண்டது அரைகுறை இந்தியில். மகளின் பிரசவத்துக்காக நியூ டவுனுக்குக் கிளம்பியவர், டாக்ஸிக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, ஒரு மண்தொட்டியை என் கையில் திணித்தார். "வெயில் வேண்டாம். உன் வடக்குப் பால்கனி போதும். பார்த்துக்கோ" என்றார். அவ்வளவுதான். செடிக்குப் பூயிஞ்சாம்பா என்று பெயர், தரைச் சண்பகம் என்று அர்த்தமாம். இஞ்சிக் குடும்பம்தான், ஆனால் சமையலுக்கு இல்லை, அழகுக்கு. இலையின் மேல்பக்கம் வெள்ளி தீட்டியிருக்கும், அடிப்பக்கம் கத்தரிக்காய் நிறம்.

மார்கழி பிறந்ததும் இலை பழுத்தது. தண்ணீர் ஊற்றினேன். இன்னும் பழுத்தது. இன்னும் ஊற்றினேன். கடைசியில் வெறும் மண்தான் மிச்சம். அடுத்தவர் பொருளைக் கொன்றுவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் போகியன்று, செத்ததை வீட்டில் வைத்துக்கொண்டு பொங்கல் வைப்பதா என்று, கட்டடத்தின் பின்சுவரோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தேன். தீதி வருவதற்குள் இதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாட்டுப்பொங்கல் அன்று தீதியிடமிருந்து போன். "பேத்தி பிறந்திருக்கா!" சந்தோஷத்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "செடி இலையெல்லாம் உதிர்த்திருக்குமே? பயப்படாதே. குளிர்காலத்துல அது தூங்கும். தண்ணியே விடாதே. வெயில் ஏறினா தானா எழுந்துக்கும்" என்றார்.

"ஆமா தீதி, தூங்குது" என்றேன். பாவி!

போனை வைத்ததும் தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். அந்த மூலையில் கட்டடமே காய்கறித் தோலைக் கொட்டும். கிளறியதில் கிழங்குத் துண்டுகள் கிடைத்தன. எது தீதியுடையது, எது யாரோ சமையலறையிலிருந்து எறிந்த இஞ்சி? மோந்து மோந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் குப்பை நாற்றம்தான்.

"எல்லாத்தையும் நட்டுடு. முளைக்கிறது முளைக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு. புது மண்ணும் மணலும் மக்கிய இலையும் கலந்து இரண்டு தொட்டிகளில் நட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் தீதியின் போன். "எப்படி இருக்கு?" "தூங்குது தீதி." அப்புறம் அரைமணி நேரம் என் சமையல், என் முழங்கால் வலி, லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைத்ததா என்று விசாரிப்பார். என் காதில் ஒன்றும் ஏறாது. உண்மை தெரிந்தால் அந்தக் கதவு எனக்கு இனி திறக்காது என்று மட்டும் மனசு அடித்துக்கொள்ளும்.

மார்ச் நடுவில் ஒரு தொட்டியில் பச்சை முளை. சந்தோஷத்தில் கத்தினேன். இலை விரிந்தது, ஒல்லியாக, வெறும் பச்சையாக. இஞ்சி. டீயில் தட்டிப் போடுகிற அதே இஞ்சி! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு தொட்டி மொட்டையாகவே கிடந்தது. ஏப்ரலில் ஒரு காலை துணி காயப்போடப் போனால் பால்கனியில் ஏதோ மணம். குனிந்து பார்த்தேன். இலை இல்லை, தண்டு இல்லை, மண்ணைப் பிளந்துகொண்டு பூ, வெள்ளையும் ஊதாவுமாக. ஒன்றல்ல, ஐந்து. ஈரத்துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க, பொழைச்சிடுச்சுங்க!" என்று கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அப்பாடா! மூன்று மாதத்துப் பாரம் நெஞ்சைவிட்டு இறங்கியது.

உடனே தீதியை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு எண்ணினார். "அஞ்சா? என்கிட்ட ரெண்டுக்கு மேல பூத்ததே இல்லையே! அப்படி என்ன பண்ணினே?"

சொல்லாமல் தப்பித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. போகி, குப்பை, தோசைத் திருப்பி, ஞாயிற்றுக்கிழமைப் பொய்கள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தீதி சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது.

"இதை ஏன் அப்பவே சொல்லலை?"

"செடி போச்சுன்னு தெரிஞ்சா பேசறதை நிறுத்திடுவீங்களோன்னு பயம் தீதி."

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே என்னை முறைத்தார். "அட பைத்தியமே, வாராவாரம் நான் செடிக்காகவா போன் பண்ணினேன்?"