அசனத்துக்குத் தண்ணீர் தராத பெரியநாயகம்

மானகிரிப் பக்கம் எங்கள் ஊரில் வனத்து அந்தோணியார் திருவிழா என்றால், ஊருக்கே பொதுவில் போடும் அசனச் சோறு பெரியநாயகம் கிணற்றுத் தண்ணீரில்தான் வேகும். அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படி. மற்ற நாளில் யாரோடும் ஒட்டாத மனுஷன், அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு மோட்டார் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நிற்பார். குழாய் பொருத்துவது என் வேலை.

இந்த மார்கழியில் அவர் கத்தரி வயலில் வேரெல்லாம் முடிச்சு. நூற்புழு. செடிகளைப் பிடுங்கிவிட்டு, மண்ணுக்குள் ஊற்றி பிளாஸ்டிக் தாளால் மூடுகிற மருந்தை வாங்கினார். ஈரம் வடிந்தபின் ஊற்றச் சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். மழை விட்ட நிலம், கால் வைத்தால் ஊறுகிறது. அடுத்து நட வைத்திருந்த நாற்று முற்றுகிறதே என்று அப்படியே ஊற்றிவிட்டார்.

தையில் கிணற்றில் ஒரு காரல் நெடி. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தார். அங்கிருந்த ரீனா என்ற பெண் சொன்னதைத் திருவிழாவுக்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார்:

"மேல்மண்ணுன்னா மருந்து பாதி ஆவியாப் போயிரும், மிச்சத்தக் கண்ணுக்குத் தெரியாத உசுருக தின்னுரும். அடிமண்ணுல தண்ணி நின்னா காத்து ஏது? அங்க மெதுவாத்தான் சிதையும். தண்ணி போற பக்கமெல்லாம் அதுவும் போகும்."

திருவிழா காலையில் அண்டாக்கள் வரிசையாக நின்றன. மோட்டார் ஓடவில்லை.

"என்னண்ணே, கரண்டு பில்லு கூடிரும்னு பாக்குறீகளா?" என்றான் விழாக் கமிட்டி மரிய ஆனந்த். எல்லாரும் சிரித்தார்கள்.

"தண்ணி ஆகாதுப்பா. வயலுக்கு ஊத்துன மருந்து எறங்கிருச்சு."

சிரிப்பு நின்றது. அவர் வயலுக்குக் கீழ்ப்பள்ளத்து வீட்டுக்காரி அருளம்மாள், அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அப்ப என் கெணறு?"

"அதுலயும் இருக்கும்போல."

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"முந்தாநாளு."

"முந்தாநாளே தெரிஞ்சும் எம்பிள்ளைக குடிக்கிறதப் பாத்துக்கிட்டு இருந்தீகளா மாமா?"

"திருவிழா முடியட்டும்னு..."

"ஒங்க பேரு கெடாம முடியட்டும்னு. சரித்தான்."

லாரித் தண்ணீரில் சோறு வெந்தது. பந்தியில் அவர் உட்காரவில்லை. கூப்பிட எங்களுக்கும் மனம் வரவில்லை.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பெரியநாயகம் தினமும் காலையில் பஞ்சாயத்துக் குழாயில் பிடித்த இரண்டு கேனை மொபெட்டில் வைத்து அருளம்மாள் வாசலில் இறக்குகிறார். அவள் ஒரு டம்ளர் ஊற்றி நீட்டுகிறாள்.

"மொதல்ல நீங்க குடிங்க."

தெருவே பார்த்திருக்க, தலை நிமிராமல் குடிக்கிறார். அதன்பிறகுதான் கேன் உள்ளே போகிறது.