சின்னக் கப்பலில் இரண்டு பேர் அறை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பெனியின் கேன்டீனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டரிங் படித்தவன் என்று பெயர்; செய்ததெல்லாம் ஷிப்டுக்கு ஷிப்டு சாம்பார் வாளி தூக்கியதுதான். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் போய் வருவேன். கூடப் படித்த ஒருவன் சென்னையில் ஒரு ஏஜென்ட்டைக் காட்டிவிட்டான். வெளிநாட்டு உல்லாசக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. ஊரில் அப்போதுதான் எல்லார் கையிலும் செல்போன் வர ஆரம்பித்திருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவியை நைனாவோடும் அம்மாவோடும் விட்டுவிட்டுப் போனேன்.

முதலில் ஏறியது பெரிய கப்பல். வருஷமெல்லாம் உழைத்துச் சேர்த்துவைத்து, பிள்ளைகுட்டிகளோடு ஒரு வாரம் ஆட வருகிறவர்களின் கப்பல் அது. எங்கள் ஊர் ஜனம் மொத்தத்தையும் அதன் ஒரு மாடியில் அடைத்துவிடலாம். எந்நேரமும் ஒலிபெருக்கியில் ஒருவன் கத்திக்கொண்டே இருப்பான். நீச்சல் குளத்துப் பக்கம் போட்டி, மேலே பாட்டு, கீழே சூதாட்டம். என் பொறுப்பில் இருந்த அறைகளில் கட்டிலுக்கு மேலே கட்டில். மெத்தையில் சிப்ஸ் தூள், தரையில் ஈர ஜட்டி. சாயங்காலம் துவாலையைச் சுருட்டி யானை மாதிரி, குரங்கு மாதிரி செய்து கட்டிலில் வைப்போம். குழந்தைகள் அதைப் பார்த்துக் குதிக்கும். ஒருவர் முகமும் மனதில் நிற்காது. வாரக் கடைசியில் காலையில் எல்லாரும் இறங்குவார்கள், மதியத்துக்குள் அதே அளவு ஜனம் ஏறும்.

அங்கே என் வரிசையில் ஒருவர் இறந்துபோனார். அண்ணன் தம்பிகளோடு வந்திருந்த, பருமனான, சிரித்த முகக்காரர். மாரடைப்பு. கப்பல் கரைக்கு வருவதற்கு முந்தின நாள் அது. அறையைப் பூட்டி வைத்தார்கள். மறுநாள் காலையில் எனக்கும் இன்னொருவனுக்கும் கையுறை கொடுத்து, மெத்தையை மாற்றி, மருந்து அடித்துக் கழுவச் சொன்னார்கள். மதியம் ஒரு அம்மாவும் அப்பாவும் இரண்டு பெண் குழந்தைகளும் அதே அறைக்கு வந்தார்கள். சின்னப் பெண் கட்டிலுக்கடியில் புகுந்து விளையாடி, ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பிய கண்ணாடி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, அதை வாங்கிக்கொண்டு போய் ஆபீசில் கொடுத்தேன்.

விடுமுறைக்கு வந்தபோது இதை நைனாவிடம் சொன்னேன். அவருக்கு மற்றதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "மறுநாளேவா அந்தக் கட்டில்ல வேற ஆளப் படுக்க வெச்சாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரு வெளக்குகூட ஏத்தி வெக்காமலா?" என்று கேட்டுவிட்டு, மோட்டார் போட வயலுக்குப் போய்விட்டார்.

அதற்கடுத்த ஒப்பந்தத்தில் சின்னக் கப்பல் கிடைத்தது. சின்னது என்றால் அளவில்தான். அதில் வருகிறவர்கள் வேறு ரக மனிதர்கள். பெரும்பாலும் வயதானவர்கள்; சிலர் மாதக்கணக்கில் இறங்காமலே இருப்பார்கள். அறை ஒவ்வொன்றும் எங்கள் வீட்டைவிடப் பெரிது. ஒலிபெருக்கி கிடையாது. நடைபாதைக் கம்பளம் காலடிச் சத்தத்தை விழுங்கிவிடும். எனக்கு ஏழெட்டு அறைகள்தான். ஆனால் யாருக்கு எந்தத் தலையணை, எத்தனை மணிக்கு என்ன தேநீர், எந்தப் பக்கம் யார் தூங்குவார்கள் என்பதெல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் அம்மா ஒன்றுதான் சொன்னார். இந்தக் கப்பலில் விருந்தினரிடம் இல்லை, முடியாது என்று சொல்லக் கூடாது. அவர் ஆஸ்திரியாக்காரர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

என் அறைகளில் ஒன்றில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். வருஷா வருஷம் அதே அறையில் வருகிறவர்கள். அவர் நல்ல உயரம், எப்போதும் கோட்டு போட்டிருப்பார். அந்த அம்மா ஒல்லி, மூட்டுவலி, கையில் கைத்தடி. ஊதாப்பூ வாசனையில் ஒரு பவுடர் போடுவார். அறைக்குள் நுழைந்ததும் அந்த வாசனைதான் முதலில் வரும். என் ஊர் எங்கே என்று விசாரித்தார். நெல் வயலைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவரை நான் பார்த்ததில்லை. நாற்று, கதிர், அரிசி, சோறு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல் இருப்பதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். பத்து மணிவாக்கில் அவர் குளிப்பார். நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவேன், குளியலறையில் தண்ணீர் ஓடும், "மன்னிக்கணும் மேடம், அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். இது தினமும் நடக்கிறதுதான்.

அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தோம். நாள் கணக்கில் எந்தக் கரையும் வராத பயணம். ஒரு காலையில் நடைபாதையில் துவாலை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரியவர் கதவைத் திறந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "என் மனைவியை எழுப்ப முடியவில்லை" என்றார். காபி வேண்டும் என்பது போன்ற குரல்.

டாக்டர் வேலைக்காரர்களின் லிஃப்டில் வந்தார். எல்லாம் அரை மணிக்குள் முடிந்தது. வெள்ளைத் துணி போர்த்தி, விருந்தினர் யாரும் நடக்காத எங்கள் வழியாகவே கீழே கொண்டு போனார்கள். நான்தான் கதவுகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பலின் அடித்தளத்தில் அதற்கென்று ஒரு குளிர் அறை உண்டு. கரை சேருகிறவரைக்கும் அங்கேதான். யாரிடமும் பேசக் கூடாது என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார். மேலே யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். அது நிற்கவே இல்லை.

மத்தியானம் அந்த அறைக்குப் போனேன். அம்மாவின் துணிகளை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துத் தரட்டுமா என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் என்னைப் புரியாதவர் போலப் பார்த்தார். "எதையும் மாற்ற வேண்டாம். நான்கு மணிக்குத் தேநீர். இரண்டு பேருக்கு, எப்போதும் போல" என்றார்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். பெரியவர் கேட்டதைச் செய் என்றார். அப்படியே செய்தேன். இரண்டு கோப்பை வைத்தேன். சாயங்காலம் கட்டிலின் இரண்டு பக்கமும் விரிப்பை மடித்துவிட்டேன். அந்த அம்மா படுக்கிற பக்கத்தில் அவருடைய செருப்பைத் திருப்பி வைத்தேன். சாப்பாட்டு அறையிலும் இரண்டு தட்டு என்று அங்கே பரிமாறுகிற கோவாக்காரன் சொன்னான். மனைவிக்கும் சேர்த்து மீன் கேட்கிறாராம்.

உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் அது எனக்குப் பிடித்திருந்தது. பெரிய கப்பலில் ஒரு மனிதனை ஒரு காலைப் பொழுதில் துடைத்து எடுத்துவிட்டோம். இங்கே ஒரு உயிருக்கு ஒரு மரியாதை இருக்கிறது, நைனா கேட்ட விளக்கு இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் போனால் அம்மாவின் பக்கத்துத் தலையணையில் பள்ளம் இருக்கும். இரண்டு கோப்பையிலும் தேநீர் குறைந்திருக்கும். பெரியவரே படுத்திருப்பார், அவரே குடித்திருப்பார். தனியாகிப் போனவருக்குத் துணை வேண்டாமா? ஆனால் பவுடர் வாசனை மட்டும் குறையவே இல்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில் புதுத் துவாலைகளோடு போய்க்கொண்டிருந்தேன். வழியில் நூலக அறை. பெரியவர் சன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நேராக அவர் அறைக்குப் போய், தட்டி, கதவைத் திறந்தேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மன்னிக்கணும் மேடம், அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

சாத்திய பிறகுதான் உறைத்தது. கை கதவுப் பிடியிலேயே இருந்தது. உள்ளே தண்ணீர் நின்றது. யாரோ குழாயை மூடினால் எப்படி நிற்குமோ அப்படி.

எனக்கு மேலே சூப்பர்வைசராக ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தார். அவரைக் கூட்டி வந்தேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு குளியலறைக் கதவைத் தள்ளினார். பூட்டு இல்லை, திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அந்த அம்மாவின் கொக்கியில் தொங்கிய துவாலை ஈரமாக இருந்தது. பெரியவர் குளித்துவிட்டுக் குழாயைச் சரியாக மூடாமல் போயிருப்பார், கப்பல் ஆட்டத்தில் கதவு தானாகச் சாத்தியிருக்கும், தண்ணீர் அழுத்தம் குறைந்து நின்றிருக்கும் என்று அவர் வரிசையாகச் சொன்னார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, துவாலையை அவரே மாற்றினார்.

நான்கு மணிக்குத் தேநீர் கொண்டு போனேன். பெரியவர் நாற்காலியில் இருந்தார். எதிர் நாற்காலியை எனக்கு வழிவிட லேசாக நகர்த்தினார். நான் இரண்டாவது கோப்பையில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னார்:

"இன்று காலையில் அவள் குளிக்கும்போது நீ உள்ளே வந்துவிட்டாயாம். கவலைப்படாதே. அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை."

கோப்பைத் தட்டில் தேநீர் சிந்திவிட்டது. துடைத்துவிட்டு, நன்றி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நேராக அந்த சூப்பர்வைசரைத் தேடிப் போனேன். பெரியவரிடம் எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தான் அவரைப் பார்க்கவே இல்லை என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, என்னைவிட அவர் பயந்திருந்தார்.

அதற்குப் பிறகும் நான் அந்த அறையைச் செய்தேன். வேறு வழி இல்லை. வினோதம் என்னவென்றால், பயம் இரண்டு நாளில் போய்விட்டது. கதவைத் தட்டும்போது "குட் மார்னிங் மேடம்" என்று என் வாயே சொல்லும். செருப்பைத் திருப்பி வைக்கும்போது மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். அப்படி ஒருநாள் கேட்டுக்கொண்டு குனிந்து நின்றபோதுதான், நானும் பெரியவர் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று தெரிந்தது.

கரைக்கு வந்தோம். மற்றவர்கள் எழுந்து வருவதற்கு முன்பே பின்பக்க வழியாக அந்த அம்மாவை இறக்கிவிட்டார்கள். பெரியவர் நிதானமாக, சாப்பிட்டுவிட்டு, எல்லாரோடும் இறங்கினார். அவர் மனைவியின் கைப்பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் மேனேஜரும் அதிகாரிகளும் வரிசையாக நின்றார்கள். பெரியவர் படிக்கு முன்னால் நின்று, ஒதுங்கி, ஒரு ஆள் முதலில் இறங்குகிற அளவு இடம் விட்டார். பிறகு அவர் இறங்கினார். மேனேஜர் அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தலைகுனிந்து, போய் வாருங்கள் மேடம் என்றார். அதைப் பார்த்து வரிசையில் நின்ற எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஒப்பந்தம் முடிந்து ஆரம்பாக்கத்துக்கு வந்தேன். அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாளடியாகக் கிடந்தது. வந்த சில நாட்களில், ஒரு காலை, எங்கள் வீட்டுக் குளியலறை பின்பக்கம் இருக்கிறதே, அதன் கதவு சாத்தி, உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது. துண்டோடு போனவன் திரும்பி வந்தேன். அடுப்படியில் இருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாராண்ட பேசிக்கினு இருக்கீங்க?"

நான் பேசியதே எனக்குத் தெரியாது. அவள் அடுப்படியில் இருக்கிறாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நைனா வயலில். நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். குழாய் திறந்து கிடந்தது, வாளி வழிந்துகொண்டிருந்தது. நீங்கதான் தொறந்து வுட்டுட்டு மறந்திருப்பீங்க என்றாள். இருக்கலாம். ஆனால் அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் விளக்கேற்றி, என் நெற்றியில் விபூதி இட்டாள்.

அந்த மாதமே ஏஜென்ட் போன் செய்தார். அவர் குரலில் சந்தோஷம். ஒரு பழைய வாடிக்கையாளர் அதே அறையை மறுபடியும் எடுத்திருக்கிறாராம், நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம், கம்பெனி என் சம்பளத்தை உயர்த்தித் தருமாம். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டேன். இதென்ன கேள்வி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் என்றார்.

நான் சொல்வதற்கு முன்பே மனைவி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "கப்பலுக்குப் போணும்னா அந்தப் பெரிய கப்பலுக்குப் போங்க. இதுக்குப் போவாதீங்க" என்றாள்.

பெரிய கப்பலுக்கே போனேன். ஒலிபெருக்கியில் கத்துகிறவனின் குரல் கேட்டபோது எனக்கு உடம்பு லேசாயிற்று. அங்கே ஒரு வருஷம் கழித்து அந்தப் பிலிப்பைன்ஸ் சூப்பர்வைசர் மாற்றலாகி வந்தார். அவர்தான் சொன்னார். பெரியவர் வந்தாராம், பயணத்தின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். அதன் பிறகு அந்த அறை காலியாகவே இருந்ததாம். ஆனாலும் நிறுத்து என்று யாரும் சொல்லாததால், என் இடத்துக்குப் புதிதாக வந்த பையன் கரை வரும்வரை இரண்டு பேருக்கும் கட்டிலைத் தயார் செய்துகொண்டே இருந்தானாம். காலையில் அந்தக் கட்டில் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்த ஒப்பந்தத்தோடு கப்பலை விட்டேன். இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். கப்பலுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்தக் கப்பல் நல்லது என்று கேட்பார்கள். சின்னக் கப்பல்தான் என்று சொல்வேன். சாப்பாடு நல்லது, வேலை குறைவு, மனிதர்கள் மரியாதையானவர்கள், ஒருவரைக்கூட மறக்க மாட்டார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. மீதியைச் சொல்வதற்குள் ஸ்டேஷன் வந்துவிடும்.