ஜெபராணி சிஸ்டர் மூட மறுத்த பானெட்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, செம்பூரில் உள்ள எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி, கார் நிறுத்துமிடத்தில் ஏழாம் எண் தூணில் இருக்கும் மின்சாரப் பெட்டியை இனிப் பூட்டி வைக்க வேண்டியதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. அந்தப் பூட்டைப் போடுவதற்கு ஒருகாலத்தில் மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. குடியிருப்பாளர் ஒருவர் சங்கத்தின் மின்சாரத்தில் விளக்கு போட்டுத் தம் காரைத் தாமே பழுதுபார்க்கிறார் என்பது குற்றச்சாட்டு. எடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. செயலாளர் சாவந்த் காரணத்தை ஒரே வரியில் சொன்னார்: "ஜெபராணி சிஸ்டர் ஆஃப் ஹோ கயீ."

பம்பாய் இந்தியில் விளக்குக்கும் மனிதருக்கும் அணைவது ஒரே சொல்தான். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. தீர்மானத்தை எழுதி முடித்து, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்களையும் எழுதிய பிறகுதான் அந்த வரி எனக்கு எட்டியது. முந்தைய நாள் மாலை, உல்லாஸ்நகரில் மகன் வீட்டில், தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தாராம். மாரடைப்பு.

செம்பூர்த் தமிழர்களான உங்களில் பலருக்கு ஜெபராணி சிஸ்டரை ஆஸ்பத்திரியில் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தாலும் நினைவிருக்காது. அவர் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவரைச் சந்தித்தவர்கள் பெரும்பாலும் மயக்கத்தில் இருந்தவர்கள். சாயர்புரம் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் பம்பாய்க்கு வந்து, ஓய்வு பெறும்வரை அறுவை மேசையின் வலப்பக்கம் நின்றவர். ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையிலும் மற்ற நாட்களில் பானெட்டுக்கு அடியிலும் அவரை நீங்கள் பார்த்திருக்கலாம்.

அவர் கார் வேலை கற்றதற்கு ஆர்வம் காரணமல்ல. ஓய்வு பெற்றபின் பழைய கார் ஒன்று வாங்கினார். மெக்கானிக் ஒருவர் பிளக் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து பார்த்தபோது இன்ஜின் மேல் ஒரு அழுக்குத் துணி கிடந்தது. துடைத்தவர் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். வேறொருவராக இருந்தால் துணியை எடுத்துப் போட்டிருப்பார். சிஸ்டர் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். "வயித்துக்குள்ள துணிய வச்சுத் தைக்கதும் இதுவும் ஒண்ணுதான் சார்" என்பார். அதன்பிறகு அந்தக் காரின் பானெட்டை வேறு யார் கையும் தொட்டதில்லை.

அவர் வேலை செய்யும் விதம் எங்கள் வளாகத்தில் பிரசித்தம். முதலில் வெள்ளைத் துணி விரிப்பார். அதன்மேல் இரண்டு எவர்சில்வர் தட்டுகள். கழற்றும் ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணித் தட்டில் வைப்பார். எண்ணிக்கையை இன்னொருவர் தாளில் எழுத வேண்டும். "எடுக்கவ எழுதக்கூடாது. எழுதுதவ எடுக்கக்கூடாது." மூடுவதற்கு முன் தட்டையும் தாளையும் ஒப்பிட வேண்டும். ஒத்துவராவிட்டால் மூடக்கூடாது. கட்டிடத்தில் பலரும் அவரைக் கண்டால் லிஃப்ட்டுக்குப் பதில் படிக்கட்டில் போனதற்கு இந்தத் தாளும் பேனாவும்தான் காரணம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பேனா என் கைக்கு வந்தது.

என் மனைவி லலிதாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமை முறை மதியம் இரண்டு மணிக்கு, சயானைத் தாண்டி. அதற்கு முந்தைய சனிக்கிழமை இயந்திரக் கோளாறால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். செவ்வாய் காலை அவள் கால்கள் வீங்கியிருந்தன. இரண்டு வாக்கியம் பேசினால் நின்று மூச்சு வாங்கினாள். "இன்றைக்குத் தவறக்கூடாது" என்று டாக்டர் போனில் இருமுறை சொன்னார். சுனாபட்டியில் தண்டவாளம் தண்ணீருக்குள் இருந்தது, ரயில் இல்லை. டாக்சி அழைக்கும் செயலி ஒரு மணி நேரமாக ஒரு வட்டத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ்காரர் தண்ணீர் வடியட்டும் என்றார். மேம்பாலத்தில் மட்டும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

என் கார் பத்து மணிக்கு வாசல்வரை போய் உதறத் தொடங்கியது. மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள். நான்கு சிலிண்டர்களில் ஒன்று வேலைநிறுத்தம் செய்கிறது என்று பொருள். ஒரு மாதத்துக்கு முன்பே சிஸ்டர் சத்தத்தைக் கேட்டு, நான்கு பிளக்குகளும், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் ஒன்றும் வாங்கச் சொல்லியிருந்தார். வாங்கினேன். அவை புத்தக அலமாரியில் பத்திரமாக இருந்தன.

சிஸ்டரின் கார் அன்று மகனிடம் உல்லாஸ்நகரில் இருந்தது. மணி பதினொன்றரைக்கு அவர் துணியை விரித்தார். "இன்ஜின் ஆறிட்டு. முக்கா மணி நேர வேலை. ஒரு மணிக்குப் பொறப்பட்டுரலாம், லலிதாம்மா" என்றார். லலிதா லிஃப்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், போர்வைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில் குந்தியிருக்கும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன போல்ட். போல்ட்டைக் கழற்றி, காயிலை உருவினால், ஆழமான குழிக்குள் பிளக் தெரியும். பிளக்கையும் கழற்றிவிட்டால் அந்தத் துளை நேராக இன்ஜினின் வயிற்றுக்குள் போகிறது. அதற்குள் ஒரு போல்ட் விழுந்து, கவனிக்காமல் வண்டியைக் கிளப்பினால், அத்துடன் இன்ஜின் முடிந்தது. மேம்பாலத்தின் நடுவில்கூட முடியலாம்.

பிளக் கழற்றும் ஸ்பேனரை, அதாவது பானாவை, எடுக்க சிஸ்டர் வீட்டுக்குப் போனார். நேரத்தை மிச்சப்படுத்தலாமே என்று நான் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினேன். தொடங்குமுன் தாளில் எழுதினேன்: காயில் 4, போல்ட் 4. மூன்றாவது போல்ட்டில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இரண்டேகாலுக்குமேல் படுக்கையை வைத்திருக்க முடியாது என்றார்கள். பேசிவிட்டு வந்து நான்காவது காயிலைப் பிடித்தேன். அது ஒரு சிரமமும் இல்லாமல் கையோடு வந்தது. என் கைத்திறன் கூடிவிட்டதாக நினைத்தேன்.

சிஸ்டர் வந்து முறைத்தார். எழுதுகிறவன் எடுத்துவிட்டேன் அல்லவா. ஆனால் லலிதாவைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். சைக்கிள் பம்ப்பால் குழிகளை ஊதித் தூசியை விரட்டினார். பழைய பிளக்குகளை எடுத்தார். நான்காவது காயிலின் ரப்பரில் ஒரு கீறலைக் காட்டினார். "பாத்தியளா, நகம் பட்ட மாதிரி. இது வழியா கரண்ட் வெளிய ஓடிட்டு." புதிய பிளக்குகளை விரலால் மட்டுமே திருகி இறக்கினார், கடைசி அரைச் சுற்றுக்குத்தான் பானாவைத் தொட்டார். காயில்களை வைத்தார், நான்காவதில் புதியதை. மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. போல்ட் தட்டை இழுத்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

தாளைப் பார்த்தார்.

"நாலுன்னுல்லா போட்டிருக்கு."

குனிந்து தேடினோம். சக்கரத்துக்கடியில், துணிக்கடியில், வடிகால் கம்பி மூடியில், என் சட்டை மடிப்பில். இருபது நிமிடம். லலிதா மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"சிஸ்டர், மூணு போல்ட் போதும். கிளம்பலாம்."

"போதும். ஆனா நாலாவது எங்க?"

"எங்கேயாவது விழுந்திருக்கும்."

"அதத்தான் நானும் கேக்கேன். எங்க?" அவர் குரல் உயரவில்லை. "தொளை தொறந்து கெடந்த நேரத்துல உள்ள விழுந்திருந்தா? பாலத்துல வச்சு நின்னா லலிதாம்மாவ யாரு தூக்குவா? நீங்களா?"

நான் டார்ச்சை வாங்கி மீண்டும் குனிந்தேன். நான்காவது போல்ட் இருக்கவேண்டிய மரைத் துளையைப் பார்த்தேன். அது எண்ணெயும் மண்ணும் கலந்து இறுகி அடைத்திருந்தது. அதற்குமேல் ஒரு சிலந்தி குடித்தனம் நடத்தியிருந்தது. அந்த இடத்தில் பல மழைக்காலங்களாக எந்தப் போல்ட்டும் இருந்ததில்லை. காயில் ஆடி ஆடிக் கீறியதும் அதனால்தான்.

இதை உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எண்ணாமல் எழுதினேன் என்று அவரிடம் சொல்வதைவிட ஒரு போல்ட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாகத் தெரிந்தது. காரின் பின்பக்கம் போய், நம்பர் பிளேட்டிலிருந்து ஒன்றைக் கழற்றி, சக்கரத்தருகே குனிந்து எழுந்து, "கிடைத்துவிட்டது" என்றேன்.

சிஸ்டர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மற்ற மூன்றையும் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது நம்பர் பிளேட்டுக்கு உள்ளது, சார்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாற்காலியிலிருந்து லலிதா, இரண்டு தவணையாக மூச்செடுத்துச் சொன்னாள்:

"அவர் எண்ணிருக்க மாட்டார் சிஸ்டர். ஆபீஸ்ல நாற்காலி எண்ணுறதே அப்படித்தான்."

உண்மை. நான் முப்பத்தொரு ஆண்டு பணிபுரிந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் ஒவ்வொரு மார்ச் மாதமும் மேசை நாற்காலிகளைச் சரிபார்ப்போம். சென்ற ஆண்டு எழுதியதைப் பார்த்து இந்த ஆண்டும் எழுதுவோம். எந்த ஆண்டும் ஒரு நாற்காலி குறைந்ததில்லை. இதை வீட்டில் நகைச்சுவையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"எண்ணுனியளா, சார்?"

"இல்லை. காயில் நாலு, அதனால் போல்ட் நாலு என்று எழுதினேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை வாங்கி, தாளில் இருந்த நான்கின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் 3 என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மணியைக் குறித்தார். "தப்ப அழிக்கக்கூடாது. ஒத்தக் கோடு, கையெழுத்து, மணி. பொறவு வாரவனுக்குத் தெரியணும்லா." பிறகு போட்ட காயில்களை ஒவ்வொன்றாக மறுபடி உருவத் தொடங்கினார்.

"சிஸ்டர், அதுதான் போல்ட்டே இல்லை என்று தெரிந்துவிட்டதே. மணி ஒண்ணு பதினஞ்சு."

"போல்ட் மட்டுந்தானா தப்பா எழுதியிருப்பிய? எனக்கு எப்படித் தெரியும்? தப்பா ஒரு எண்ணம் வந்தா எல்லா எண்ணமும் தப்பு. மொதல்ல இருந்து வாங்க."

நான் கத்தினேன். அவள் உயிர் போனால் யார் பொறுப்பு என்று கேட்டேன். இரண்டாம் மாடியில் ஜன்னல் திறந்தது. அவர் பிளக்குகளைக் கழற்றி, நுனியில் காந்தம் வைத்த கம்பியை ஒவ்வொரு துளைக்குள்ளும் இறக்கி எடுத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"மணியப் பாத்து மூடுதது நமக்கு லேசு சார். கெடக்கது வேற ஆளுல்லா."

பிறகு, நான்காவது துளையில், தனக்குத்தானே போல:

"ஒருக்க நானும் எண்ணாம எழுதியிருக்கேன்."

அந்த ஒருமுறை என்ன நடந்தது என்று நான் அன்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான்காவது காயிலை மெல்லிய கம்பியால் கட்டினார். ஒன்று நாற்பத்தேழுக்கு பானெட்டை மூடினார். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. சாவியை என்னிடமிருந்து வாங்கி அவரே ஓட்டினார். இரண்டு முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, சீத்தா கேம்ப்பிலிருந்து தண்ணீரில் நடந்தே வந்த ஒருவருக்கு லலிதாவின் படுக்கையைக் கொடுத்திருந்தார்கள். அடுத்தது நாலரைக்குத்தான் கிடைத்தது. அதுவும் இரண்டரை மணி நேரத்துக்கு. சிஸ்டர் நர்ஸ்களிடம் பேசி ஆக்சிஜன் வாங்கி வைத்து, இரவு ஏழுவரை கட்டிலருகில் நின்றார். உட்காரச் சொன்னேன். "பழக்கமில்ல" என்றார். எங்கள் இருவரில் யாரால் தாமதம் என்ற பேச்சை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. லலிதா எடுப்பாள்.

சிஸ்டரின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஆபரேஷன் தியேட்டரில் அவருடன் நின்ற நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள். செம்பூரிலிருந்து எத்தனை கார்கள் வந்தன என்று கேட்ட சபை ஊழியரிடம் யாரோ எட்டு என்றார்கள். போய் எண்ணிப் பார்த்தேன். ஏழு. திரும்பி வந்து சொன்னேன். அவர் எழுதியிருந்த எட்டை அழித்துவிட்டு ஏழு என்று போட்டார்.

சிஸ்டருடையதாக என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, அவர் மகன் கொடுத்த பிளக் பானா. மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் கைப்பிடியில் அம்மா ஒட்டியிருந்த 'இரவல் கிடையாது' என்ற தாளைப் பற்றி எதுவும் சொல்லாமல் கொடுத்தார். மற்றொன்று அந்தத் தாள்: போல்ட் 4, ஒத்தக் கோடு, 3, ஜெ.ரா., 1.14.

போன வியாழக்கிழமை பிளக் மாற்றும் முறை வந்தது. வெள்ளைத் துணி விரித்தேன். எடுக்கிறவன் எழுதக்கூடாது என்பதால் லலிதாவைப் பேனாவும் தாளுமாக உட்காரவைத்தேன். இரண்டாவது எண்ணிக்கையில் ஒரு வாஷர் கூடுதலாக வந்தது; முதலிலிருந்து தொடங்கினேன். வேலை மூன்று மணி நேரமும் பத்து நிமிடமும் பிடித்தது. ஒன்றேகாலுக்கு லலிதா பேனாவை மூடி வைத்துவிட்டு டயாலிசிஸுக்கு டாக்சியில் போனாள்.