பளிச்சென்று ஆன கடல்நீர்

"காசு குடுத்து யாராவது கிருமி வாங்குவாளா?" என்று மாமனார் வாயைப் பிளந்தார். நான் சிரித்தேன்.

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் புதிதாகக் கடல்மீன் தொட்டி வைத்திருந்தேன். பெசன்ட் நகர் கடலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்து நிரப்பினோம். அதில் ஊற்றத்தான் அந்த பாட்டில். என் கணவரின் நண்பரிடம் காசு கொடுத்து சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த பாக்டீரியா. மீன் கழிவில் உண்டாகும் விஷத்தை அது தின்றுவிடும். அது இல்லாவிட்டால் மீன் தன் கழிவாலேயே செத்துப்போகும். ஊற்றியதும் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கியது. அது பெருகுகிறது, யாரும் கை வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கலங்கல் குறையத் தொடங்கியதும், தூத்துக்குடியில் வேலை பார்த்த என் தம்பியை மீனோடு வரச் சொன்னேன்.

மாமனாருக்கு ஒரு பழக்கம். முந்தின வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து, வயிற்றிலிருந்த குழந்தை தங்காமல் போயிற்று. தண்ணீரால் வந்தது என்றார் டாக்டர். அன்றிலிருந்து லாரித் தண்ணீரோ பம்புத் தண்ணீரோ, அவர் கையால் குளோரின் விழாமல் ஒரு குடமும் சமையலறைக்குள் போகாது.

தம்பி ரயிலேறிய அன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். தொட்டி பளபளவென்று மின்னியது. கூடம் முழுக்க நீச்சல்குள வாசனை.

"பாத்தியா? எப்படிப் பளிச்சுனு ஆயிடுத்து!" என்றார் மாமனார், கையில் குளோரின் பாட்டிலோடு.

பையைப் போட்டுவிட்டுத் தொட்டியிடம் ஓடினேன்.

"ஐயையோ! என்ன காரியம் பண்ணிட்டேள்! அத்தனையும் செத்துப்போச்சே! தம்பி ரயிலேறிட்டானே, வர்ற மீனை எங்க விடுவேன், உங்க தலைலயா?"

கணவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். அந்த வீட்டில் மாமனாரிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை.

மாமனார் மெதுவாக பாட்டிலை மூடினார். "மீனுக்கு என்ன ஆகும்னு நேக்குத் தெரியாதும்மா. கொஞ்ச நாளா காபிய வாய்ல வெச்சுட்டு அப்படியே கொட்டறே. போன தடவையும் இப்படித்தான் கொட்டினே. கிருமிய ஆத்துக்குள்ள வெச்சுண்டு நான் எப்படித் தூங்குவேன்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாள் தள்ளிப்போனதைக் கணவரிடம்கூட நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. பயம். மறுபடியும் போய்விடுமோ என்ற பயம். கணவர் என்னையே பார்த்தார். நான் தொட்டியோரமாகத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மறுநாள் வந்த மீன்களை அடையாறில் தெரிந்தவர் ஒருவரின் கடல்மீன் தொட்டியில் விட்டோம். என் தொட்டி காலியாகவே கிடந்தது. மகள் பிறந்த பிறகுதான் அடுத்த பாட்டிலை ஊற்றினேன், மாமனாரிடம் கேட்டுவிட்டு.