மாமனாரைத் தொலைத்த அரண்மனை

எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்த்துப்போகக் கூடலூரிலிருந்து பெண்ணின் அப்பா கொச்சிக்கு வந்திருந்தார். இஞ்சி விவசாயி. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அழைத்துப்போனேன். சுவரோவியத்தை ரசிப்பதுபோல் நான் நடித்த நேரத்தில் ஆளைக் காணவில்லை. மாமனாரையே தொலைத்தவனுக்கு யார் பெண் தருவார்கள்? பதறி வாசலுக்கு ஓடினேன்.

அங்கே காவல்காரர். வெள்ளை மீசை, கன்னத்தில் அடக்கிய கிராம்பு.

"வேட்டி கட்டின பெரியவரைப் பார்த்தீங்களா?"

"கொச்சியில வேட்டி கட்டாத பெரியவர் யாரு சாரே?"

"இஞ்சி விவசாயி!"

கிராம்பை மறு கன்னத்துக்கு மாற்றினார். "அது முதல்ல பறைய வேண்டாமா? காத்து சுக்குக் கிட்டங்கிப் பக்கமிருந்து அடிக்குது. அங்க போய் நோக்குங்க."

கிட்டங்கியில் அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே பெரியவர் சுக்கை ஒடித்து முகர்ந்துகொண்டிருந்தார். "வாங்க மாப்பிள்ளே, இதை மோந்து பாருங்க!"

இன்றும் சுக்குக் காப்பி மணந்தால் முதலில் அந்தக் கிராம்புக் கன்னம்தான் நினைவுக்கு வருகிறது. காப்பி போட்டவள் அப்புறம்தான். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.