மழைக்குப் போட்ட கூரை

பிள்ளைகளே, மலேசியாவில், செனாய் மொத்தச் சந்தையில் நான் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த காலம். கேமரன் மலையிலிருந்து ஓர் அம்மா முட்டைக்கோஸ் லாரியோடு வந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம். பெட்டியிலிருந்து எடுத்துக்காட்டிய ஒவ்வொரு கோஸையும் ஒருமுறை தட்டிக்கொடுத்துத்தான் திரும்ப வைத்தார்.

"மழக்காலம்லா அக்கா, எல்லாம் அழுகியிருக்கும். பாதி வெலதான்," என்றார் சரக்கை வாங்கவிருந்த என் முதலாளி. அவர் ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அம்மா ஒரு கோஸைப் பிளந்து அவர் மேசைமேல் வைத்தார். உள்ளே வெள்ளைவெளேர் என்றிருந்தது.

"மழைக்குப் பயிர் மேல பிளாஸ்டிக் கூர போடுங்கன்னு விவசாய ஆபிசருங்க சொன்னாங்க. இருந்த காசெல்லாம் கொட்டி, தோட்டம் முழுக்கப் போட்டேன். உங்க வாயிலேர்ந்து தப்பிக்க எந்தக் கூரயப் போடுறது தம்பி?"

முதலாளி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி விலைக்குப் போக வேண்டாமென்று, இறக்கிய பெட்டிகளை நானே திரும்ப அவர் லாரியில் ஏற்றினேன்.

அவற்றை அந்த அம்மா எங்கே விற்றாரோ, தெரியாது. இன்றும் மழை பிடித்தால் முதலாளியின் அந்தச் சிரிப்புத்தான் காதில் விழுகிறது. கோபம் அப்படியே இருக்கிறது.