பெண்டில் நின்ற பஸ்

நேற்று ஒரு வளைவில் பஸ் அடித்த நீண்ட ஹாரன் என்னை 2005-இன் மரக்காணத்துக்கு இழுத்துப்போனது. உப்பளத்தை ஒட்டிச் சாலை வளையும் இடம் எங்களுக்குப் ‘பெண்டு’. உப்பு வாரி ஒடிந்த இடுப்பையும் “பெண்டு கழண்டுபோச்சு” என்றுதான் அம்மா சொல்வாள்.

அன்று எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பெண்டில் எந்த பஸ்ஸும் நிற்காது. உப்புப் பூத்த காலோடு, வாரும் பலகையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அம்மா நடுரோட்டில் நின்றாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

“இங்க ஸ்டாப் கிடையாதும்மா!” என்று கத்தினார் கண்டக்டர்.

“ஸ்டாப் இல்லன்னா இன்னா, ஆளு இருக்குதுல்ல? பொண்ணுக்குப் பரீட்சை. ஏத்திக்கப்பா.”

நான் உட்கார்ந்த பிறகே வழிவிட்டாள். ஜன்னலுக்குக் கீழே வந்து, கண்டக்டருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“சாயங்காலம் பெண்டுலயே எறங்கு. அளத்துக்காரிங்க அத்தன பேரும் இங்கதான் நிப்போம்.”